சமூக ஊடகத்தில் பெயர் மாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரவுசிங் சென்டரில் வேலை பார்ப்பவரிடம் ஃபாரம் நிரப்பத்தான் ஆட்கள் வருவார்கள் என்று நினைக்கலாம். என்னிடம் அதே அளவுக்குப் பெயர் மாற்றத்துக்கும் வருகிறார்கள். கல்யாணமான பெண்கள், வெளிநாடு போகும் பையன்கள், கடை வைத்திருப்பவர்கள், புதிதாக எழுத ஆரம்பித்தவர்கள் என்று எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கட்டுப்பாடு அதிகம் ஃபேஸ்புக்கில்தான், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

பேரை மாத்தணும்னா எந்தப் பேரு? மேல தெரியுறதா, லிங்க்ல வர்றதா?

இரண்டும் வேறு வேறு. உங்கள் படத்துக்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தெரிகிறதே, அது காட்சிப் பெயர். ஒரே காட்சிப் பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கலாம். லிங்க்கிலும், @ குறிக்குப் பின்னாலும் வருவது யூசர்நேம். ஒரு தளத்தில் ஒரு யூசர்நேம் ஒருவருக்குத்தான்.

காட்சிப் பெயரை மாற்றினால் யூசர்நேம் தானாக மாறாது. "பேரை மாத்திட்டேன், லிங்க்ல மட்டும் பழைய பேரே வருதே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இந்தப் பக்கத்தில் பெயர் என்று சும்மா சொன்னால் காட்சிப் பெயரைத்தான் சொல்கிறேன்.

ஃபேஸ்புக்ல பேர் மாத்துற இடத்தையே காணோமே?

இடம் மாறிவிட்டது. இப்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் பொதுவாக அக்கவுன்ட்ஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. மெனு, அதில் செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுன்ட்ஸ் சென்டர். உள்ளே போய் ப்ரொஃபைல்ஸைத் தொட்டு, உங்கள் ஃபேஸ்புக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் நேம் என்று வரும். புதிய பெயரை அடித்ததும் அது எப்படித் தெரியும் என்று காட்டுவார்கள். பாஸ்வேர்ட் கேட்டால் கொடுத்து சேவ் செய்ய வேண்டும்.

பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லாமல் வருபவர்கள் நிறைய. முதலில் அதைச் சரிசெய்துகொண்டு பெயருக்கு வாருங்கள்.

மாத்தினா ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் நோட்டிஃபிகேஷன் போகுமா? பழைய போட்டோ, போஸ்ட் எல்லாம் போயிடுமா?

அறிவிப்பு எதுவும் போகாது. நண்பர்கள் அடுத்த முறை உங்கள் பதிவைப் பார்க்கும்போது புதிய பெயர் இருக்கும், அவ்வளவுதான். போட்டோ, பதிவு, நண்பர்கள், மெசஞ்சர் உரையாடல் எல்லாம் அப்படியே இருக்கும். பழைய பதிவுகளுக்கு மேலேயும் புதிய பெயர்தான் காட்டும்.

இதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. பெயரையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றினால், "யாரோ தெரியாத ஆள் நம்ம லிஸ்ட்ல இருக்காங்க" என்று சொந்தக்காரர்களே நீக்கிவிடுவார்கள். பெயரை மாற்றும்போது படத்தை ஒரு மாதத்துக்காவது அப்படியே விட்டுவையுங்கள்.

அவசரத்துல தப்பா அடிச்சு சேவ் பண்ணிட்டேன். திரும்ப மாத்த விடமாட்டேங்குது.

ஃபேஸ்புக்கில் ஒரு முறை பெயர் மாற்றினால் அடுத்த 60 நாளைக்கு மாற்ற முடியாது. ஓர் எழுத்துப் பிழையாக இருந்தாலும் இதே கணக்குத்தான். நண்பர்களை ஏமாற்ற ஆள் மாறாட்டம் செய்பவர்களைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு. ஆனால் அதில் மாட்டுவது பெரும்பாலும் கைதவறிய சாதாரண ஆட்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் நேரத்தில் "மகேஷ்வரி" என்ற பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போய், இரண்டு மாதம் "மகேவரி"யாக இருக்க வேண்டிவந்தால் அந்த வருத்தம் சின்னது இல்லை.

சேவ் செய்வதற்கு முன் காட்டும் அந்தத் திரையை வேறு ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம் பெயரை நாம் படிக்கும்போது கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். போனின் ஆட்டோகரெக்ட்டும் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றும், அதையும் பாருங்கள்.

பெரிய ஆட்களும் இப்படி மாட்டியிருக்கிறார்கள். ட்விட்டரை விலைக்கு வாங்கிய எலான் மஸ்க், 2023 ஜனவரியில் தன் காட்சிப் பெயரை 'மிஸ்டர் ட்வீட்' என்று மாற்றிவிட்டு, திரும்ப மாற்ற முடியவில்லை என்று அங்கேயே எழுதினார்.

எனக்கு சர்நேமே கிடையாது, இனிஷியல்தான். லாஸ்ட் நேம்ல என்ன போடுறது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தவர்கள் நம் வழக்கத்தை நினைத்து வைக்கவில்லை. நமக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. இப்போது அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்து வைக்கிறார்கள். குடும்பப்பெயர் என்ற கட்டம் நம்மிடம் காலியாகத்தான் இருக்கும், ஃபேஸ்புக்கோ பொதுவாக அதைக் காலியாக விட அனுமதிக்காது.

முதல் கட்டத்தில் உங்கள் பெயர், இரண்டாவதில் அப்பா அல்லது அம்மாவின் முழுப்பெயர் என்று போடுவதுதான் பாதுகாப்பு. பலர் இரண்டாவது கட்டத்தில் இனிஷியல் எழுத்தை மட்டும் போடுகிறார்கள். பல கணக்குகளில் அது ஓடுகிறது. ஆனால் பின்னால் அடையாளச் சான்று கேட்கும் நிலை வந்தால் முழுப்பெயர்தான் கைகொடுக்கும். பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதியாகப் பெயர் வாங்கியிருந்தால் அதே வரிசையில் போடுங்கள்.

சாதிப் பெயரைத்தான் போட வேண்டுமோ என்று சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். எந்தத் தளமும் அதைக் கேட்கவில்லை. தாத்தா காலத்திலேயே விட்டுவிட்ட ஒன்றை ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மலேசிய உறவினர்கள் அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே 'ஏ/எல்' (இன்னாரின் மகன்), 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று சாய்கோட்டோடு அடித்துப் பார்க்கிறார்கள். ஃபேஸ்புக் பெயரில் குறியீடுகளுக்கு இடமில்லை என்பதால் சாய்கோடு நிற்காது. அதை விட்டுவிட்டு இரண்டு பெயர்களை மட்டும் போட்டால் போதும்.

கல்யாணம் ஆயிடுச்சு. வீட்டுக்காரர் பேரைச் சேர்த்தே ஆகணுமா?

எந்தக் கட்டாயமும் இல்லை. சட்டமும் கேட்கவில்லை, ஃபேஸ்புக்கும் கேட்கவில்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் மாற்றுங்கள், புகுந்த வீட்டில் யாரோ சொன்னார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம். பள்ளித் தோழிகள் உங்களைத் தேடுவது பழைய பெயரில்தான். அதை முழுசாக எடுத்துவிட்டால் அவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பது சிரமம்.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் பழைய பெயரையும் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ப்ரொஃபைலில் உங்களைப் பற்றிய விவரங்களுக்குள் அதர் நேம்ஸ் என்ற பகுதி இருக்கிறது. பிறந்த வீட்டுப் பெயர், செல்லப்பெயர், பட்டத்தோடு கூடிய பெயர் என்று வகை பிரித்து அங்கே சேர்க்கலாம். மேலே காட்டாமல் வைத்திருந்தாலும் தேடலில் அந்தப் பெயர் உதவும். 'டாக்டர்', 'வழக்கறிஞர்' என்று பெயருக்கு முன்னால் போட ஆசைப்படுபவர்களுக்கும் இதுதான் இடம். பிரதானப் பெயரில் எந்தப் பட்டத்தையும் ஃபேஸ்புக் ஏற்பதில்லை.

தமிழ்லயே பேர் வைக்கலாமா? தேடினா கிடைக்குமா?

தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒரே பெயருக்குள் இரண்டு மொழி எழுத்துகளைக் கலக்க ஃபேஸ்புக் விடாது. ஆங்கில எழுத்தில் இனிஷியல், தமிழில் பெயர் என்று அடித்தால் நிராகரிக்கும். இனிஷியலும் தமிழிலேயே இருக்கட்டும். தமிழ்நாட்டு அரசே பெயரின் முன்னெழுத்தைத் தமிழில் எழுதச் சொல்லி 2021 டிசம்பரில் ஆணை போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் தேடுபவர்களுக்காக ஆங்கில வடிவத்தை முந்தைய பதிலில் சொன்ன அதர் நேம்ஸில் சேர்த்துவிடுங்கள்.

தமிழில் வைத்தும் தேடலில் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தட்டச்சில் இருக்கும். கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து 'கௌ', அதற்கு ஔகார விசையைத் தொட வேண்டும். பலர் 'கெ' அடித்துவிட்டுப் பக்கத்தில் 'ள' அடிக்கிறார்கள். கௌரி, கெளரி இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள், ஒன்றைத் தேடினால் மற்றது வராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் 'கௌ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை அழியுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரியாக அடித்திருக்கிறீர்கள். 'கெ' மிஞ்சினால் தவறு. சௌந்தர்யா, மௌனிகா, யௌவனா எல்லாருக்கும் இதே சோதனைதான்.

'ஸ்ரீ'யில் தொடங்கும் பெயர்களிலும் இப்படி ஒன்று உண்டு. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யுனிகோடில் ஸ, ஶ என்ற இரண்டு எழுத்திலிருந்தும் இதை உருவாக்கலாம், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. உங்கள் எல்லாக் கணக்கிலும் ஒரே வடிவம் இருக்கும்படி ஒரு முறை அடித்து, அதையே காப்பி செய்து ஒட்டுங்கள்.

பேரை ஸ்டைலா, வளைஞ்ச எழுத்துல, ஸ்டார் எல்லாம் போட்டு வைக்கலாமா?

ஃபேஸ்புக் ஏற்காது. இன்ஸ்டாகிராமில் போகும், ஆனாலும் வேண்டாம் என்பேன். அந்த வளைந்த எழுத்துகள் உண்மையில் எழுத்துரு கிடையாது, கணிதத்துக்காக யுனிகோடில் வைத்த குறியீடுகள். சாதாரண எழுத்தில் தேடினால் உங்கள் பெயர் வராமல் போகலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அவற்றை ஒவ்வொரு குறியீடாக நீட்டி முழக்கிப் படிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும். உங்களோடு பேச விரும்பும் ஒருவருக்கு உங்கள் பெயரே கேட்காமல் போகக் கூடாது.

வாட்ஸ்அப்ல பேரை மாத்தினேன். அண்ணன் போன்ல இன்னும் பழைய பேர்தான் வருது.

அண்ணன் உங்கள் நம்பரை என்ன பெயரில் சேவ் செய்திருக்கிறாரோ அதுதான் அவர் போனில் வரும். அதை மாற்ற அவரால்தான் முடியும். நீங்கள் வைக்கும் பெயர், உங்கள் நம்பரை சேவ் செய்யாதவர்களுக்குத் தெரியும், குரூப்பில் ~ குறியோடு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஒரு பெயரின் நீளம் 25 எழுத்து வரைதான். தமிழில் இது சீக்கிரம் தீர்ந்துவிடும், ஏனென்றால் புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாகத்தான் கணினி எண்ணுகிறது. கார்த்திகேயன் என்பது நமக்கு ஏழு எழுத்து, கணினிக்கு 13. அப்பா பெயரையும் சேர்த்து இடம் போதவில்லை என்றால் இனிஷியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மத்த இடத்துல எத்தனை தடவை மாத்தலாம்?

இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் 14 நாளுக்குள் இரண்டு முறை. எக்ஸ் தளத்தில் (பழைய ட்விட்டர்) பெயர் 50 எழுத்து வரை போகலாம். அங்கே நீல டிக் வைத்திருப்பவர்கள் பெயரை மாற்றினால், சரிபார்த்து முடிக்கும்வரை டிக் மறைந்திருக்கும்.

யூடியூபில் சரிபார்ப்புக் குறி வாங்கிய சேனல்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். சேனல் பெயரை மாற்றினால் அந்தக் குறி போய்விடும், திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். வருமானம் வருபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. விளம்பரப் பணம் வரும் கூகுள் கணக்கான ஆட்சென்ஸில் பணம் பெறுபவராகப் பதிந்த பெயர் தனி, சேனல் பெயர் மாறினால் அது மாறாது.

அதோட யூசர்நேமையும் மாத்திடவா?

தேவை இல்லாவிட்டால் தொடாதீர்கள். விசிட்டிங் கார்டு, கடை போர்டு, பழைய பதிவுகள் என்று எங்கெல்லாம் அந்த லிங்க் போயிருக்கிறதோ அங்கெல்லாம் அறுந்துவிடும். எக்ஸ் தளத்தில் பழைய லிங்க் புதியதற்குக் கொண்டுபோகாது. யூடியூபில் விட்டுவிட்ட பழைய ஹேண்டிலை (அங்கே யூசர்நேமுக்கு அதுதான் பெயர்) 14 நாள் உங்களுக்காக வைத்திருப்பார்கள், இன்ஸ்டாகிராமிலும் பெரும்பாலும் அதே அவகாசம் கிடைக்கும். அதற்கப்புறம் வேறு யாராவது எடுத்துக்கொண்டால், உங்களைத் தேடி வருபவர்கள் அவர்களிடம் போய் நிற்பார்கள்.

கடை பேரை மாத்திட்டோம். பேஜ் பேரையும் மாத்தணும்.

பேஜ் என்பது தனி விஷயம். முழு உரிமை உள்ள அட்மின் மாற்றக் கோரலாம், ஃபேஸ்புக் பார்த்து ஒப்புதல் தரும். ஒப்புதல் வந்த பிறகு 7 நாளைக்கு மறுபடி மாற்ற முடியாது. பழைய பெயரோடு தொடர்பே இல்லாத பெயரைக் கேட்டால் நிராகரிப்பார்கள். 'லட்சுமி ஸ்டோர்ஸ்' 'ஸ்ரீ லட்சுமி சூப்பர் மார்க்கெட்' ஆகலாம், 'சினிமா செய்திகள்' ஆவது கஷ்டம்.

பேஜ் பெயர் மாறிய விவரம் ரகசியம் இல்லை. பேஜ் டிரான்ஸ்பரன்சி பகுதியில், இதற்கு முன் என்ன பெயர், எந்தத் தேதியில் மாறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நன்கொடை கேட்கும் பேஜ், பரிசு தருவதாகச் சொல்லும் பேஜ் எதைப் பார்த்தாலும் அங்கே ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.

நான் கவிதை எழுதுறேன். புனைபெயர்ல இருக்கணும், சொந்தக்காரங்களும் இருக்கணும்.

இருக்கிற கணக்கின் பெயரையே புனைபெயராக மாற்றாதீர்கள். அன்றாடம் உங்களை அழைக்கும் பெயர்தான் பிரதான ப்ரொஃபைலில் இருக்க வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் விதி. யாராவது புகார் செய்தால் சான்று கேட்பார்கள்.

2023 முதல் ஒரே கணக்குக்குள் கூடுதலாக நான்கு ப்ரொஃபைல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் புனைபெயரில் தொடங்குங்கள். நண்பர் பட்டியல் தனி, பதிவுகள் தனி. கவிதை படிக்க வருபவர்கள் உங்கள் பெரியம்மாவின் கமென்ட்டைப் பார்க்க வேண்டியிருக்காது, பெரியம்மாவுக்கும் கவிதைகளைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஐடி ப்ரூஃப் கேக்குறாங்க. ஆதார் கொடுக்கலாமா?

முதலில் கேட்பது உண்மையிலேயே ஃபேஸ்புக்தானா என்று பாருங்கள். "24 மணி நேரத்தில் பெயரை உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடங்கும்" என்று மெசஞ்சரில் வருவது மோசடி. செயலிக்குள் நுழையும்போது அதுவே கேட்டால் மட்டும் கொடுங்கள்.

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை ஏதாவது ஒன்று போதும். அரசு அட்டையில் பெயர் பொருந்தாவிட்டால், ஒரே பெயர் உள்ள வேறு இரண்டு சான்றுகள் கொடுக்கலாம், நூலக அட்டைகூட அதில் வரும். பெயரும் படமும் பிறந்த தேதியும் தெரிந்தால் சரி, முகவரியையும் அட்டை எண்ணையும் மறைத்துவிட்டுப் படமெடுங்கள். ஆதார்தான் இருக்கிறது என்றால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

நான் திருநங்கை. அட்டையில பழைய பேரு. புதுப் பேரை வச்சா புகார் பண்ணிடுவாங்களோ?

உங்களை எல்லோரும் அழைக்கும் பெயர்தான் உங்கள் பெயர். ஃபேஸ்புக்கின் விதியே அன்றாடப் பெயரைத்தான் கேட்கிறது, சட்டப்பூர்வப் பெயரைக் கேட்கவில்லை. இது சும்மா கிடைக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் பெண்வேடக் கலைஞர்கள் பலரின் கணக்குகள் 'உண்மைப் பெயர் இல்லை' என்று முடக்கப்பட்டன. அவர்கள் எதிர்த்து நின்றதால், அந்த அக்டோபரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2015 இறுதியில், புகார் செய்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்றும், புகாருக்கு ஆளானவர் தன் நிலைமையை விளக்கலாம் என்றும் நடைமுறையை மாற்றினார்கள்.

யாராவது புகார் செய்து உங்களிடம் சான்று கேட்டால், முந்தைய பதிலில் சொன்ன இரண்டு சான்று வழி உங்களுக்கு உதவும். புதிய பெயரில் ஒரு நூலக அட்டையும், அமைப்பு ஏதாவது ஒன்றின் உறுப்பினர் அட்டையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா காலமாயிட்டார். அவர் அக்கவுன்ட்ல பேருக்கு முன்னாடி 'அமரர்'னு சேர்க்கலாமா?

முடியாது, அது பட்டமாகக் கருதப்படும். அதற்குப் பதில் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கோரலாம். இறப்புச் சான்று போன்ற ஆதாரம் கேட்பார்கள். மாறியதும் பெயருக்குப் பக்கத்தில் ரிமெம்பரிங் என்று வரும், அப்புறம் யாராலும் அதற்குள் நுழைய முடியாது. தனக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்பவர், அதாவது லெகசி கான்டாக்ட் என்று அப்பா முன்பே உங்களைக் குறித்திருந்தால், ப்ரொஃபைல் படத்தை மாற்றலாம், மேலே ஓர் அஞ்சலிப் பதிவையும் நிறுத்திவைக்கலாம். பெயரில் எழுத்துப்பிழை ஏதாவது இருந்தால் அப்புறம் உள்ளே போய்த் திருத்த முடியாது, அதனால் கோரிக்கை அனுப்புவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பேரு, போட்டோ வச்சு வேற யாரோ அக்கவுன்ட் ஆரம்பிச்சு பணம் கேக்குறாங்க. நான் பேரை மாத்திட்டா சரியாயிடுமா?

ஆகாது. நீங்கள் மாற்றினால், பழைய பெயரோடு இருக்கும் போலிதான் அசல் மாதிரி தெரியும். பெயரை அப்படியே வைத்திருங்கள். போலிக் கணக்கின் ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆள் மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள், நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள். போலியின் லிங்க்கையும் ஸ்கிரீன்ஷாட்டையும் முதலிலேயே எடுத்துவைத்துவிடுங்கள்.

யாராவது பணம் அனுப்பிவிட்டால் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் கணினி வழி ஆள் மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

அக்கவுன்ட்டை ஹேக் பண்ணி பேரையே மாத்திட்டான். 60 நாள் காத்திருக்கணுமா?

பெயரைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், முதலில் கணக்கை மீட்க வேண்டும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போனிலிருந்து ஃபேஸ்புக்கின் ஹேக்டு பக்கத்துக்குப் போங்கள். ஈமெயிலில், உங்கள் விவரம் மாறியது என்று ஃபேஸ்புக்மெயில் டாட் காம் முகவரியிலிருந்து தகவல் வந்திருக்கும். 'இது நான் இல்லை' என்ற இணைப்பு அதில் இருந்தால் அதுதான் குறுக்கு வழி.

உள்ளே வந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, தெரியாத போன்களை வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பெயர் பூட்டியே இருந்தால், அதர் நேம்ஸில் உங்கள் உண்மைப் பெயரைச் சேர்த்து மேலே தெரியும்படி வைத்துவிட்டு, "இது நான்தான், பணம் கேட்டு வந்த எதையும் நம்பாதீர்கள்" என்று ஒரு பதிவு போட்டு மேலே நிறுத்திவையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.